ஒரு மாதச் சம்பளச் சீட்டு



அன்று அஸர் தொழுதுவிட்டு வந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். என் தங்கை வந்தாள். கையில் நீளமான ஓர் உறை. சலாம் சொல்லிவிட்டு உட்காராமலேயே அதை என்னிடம் நீட்டினாள்.

“காக்கா, சின்னவளுக்கு ஒரு எடம் வந்திரிக்கி. மாப்பிள்ளைக்கு இன்சூரன்ஸ்ல வேலையாம். சம்பளக் கடதாசியும் தந்திரிக்காங்க. நல்லாப் பாருங்க. மூத்தவளுக்குப் பார்த்த மாதிரிப் பார்க்காதீங்க.”

கடைசி வார்த்தையை அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. என் தங்கைக்கு அந்தச் சுபாவம் இல்லை. ஆனாலும் அது எனக்குத் தைத்தது. உறையைத் திறக்க மனம் வராமல் சற்று நேரம் மடியிலேயே வைத்திருந்தேன். அதற்கான காரணத்தை உங்களிடம் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் இப்படியோர் உறை வரலாம்.

2018ஆம் ஆண்டு மூத்த மருமகளுக்குக் கலியாணம் பேசினோம். மச்சான் அப்போது கட்டாரில் சாரதியாக இருந்தார். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாப்பிள்ளை வேறு யாருமல்ல, பாடசாலையில் என்னிடம் படித்த மாணவன்தான். தொழுகை உண்டு, புகைத்தல் இல்லை, உம்மாவைப் பார்க்கும் பிள்ளை. ஒரு காப்புறுதிக் கம்பனியின் தகாபுல் பிரிவில் முகவராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. “சம்பளம் எவ்வளவு மகன்?” என்று கேட்டேன். கம்பனி கொடுத்த ஒரு தாளைக் காட்டினான். அந்த மாதத்துக்கு மட்டும் 90 ஆயிரம் ரூபாவுக்குக் கிட்ட இருந்தது.

என் சம்பளத்தை நினைத்துக்கொண்டேன். எத்தனையோ வருடம் கற்பித்த மௌலவி ஆசிரியருக்கு அந்தத் தொகையில் பாதியளவுதான் கைக்கு வந்துகொண்டிருந்தது. தங்கையிடம் போய், “அல்ஹம்துலில்லாஹ், பயப்படத் தேவையில்லை, என்னை விட இரண்டு மடங்கு உழைக்கிறான்” என்று சொல்லிவிட்டேன். மார்க்கத்தை விசாரித்தேன், குணத்தை விசாரித்தேன். அந்த இரண்டிலும் நான் பிழைவிடவில்லை, இன்றும் அவன் தங்கமான பிள்ளை. பிழைவிட்டது அந்தத் தாளை வாசிப்பதில்தான்.

சகோதரிகளே, “இன்சூரன்ஸ்ல வேலை” என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். “ஆஸ்பத்திரியில வேலை” என்று ஒருவர் சொன்னால், டொக்டரா, நர்ஸா, மருந்து கட்டுபவரா, காவலாளியா என்று உடனே கேட்போம். காப்புறுதி என்றால் அப்படிக் கேட்பதில்லை. ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் பத்துப் பேர் பத்து விதமாகச் சம்பளம் பெறுகிறார்கள் என்பதும், அவர்களில் சிலருக்குச் சம்பளம் என்ற ஒன்றே கிடையாது என்பதும் எமக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

என் மாணவனுக்குச் சம்பளம் இல்லை. முகவர் கம்பனியின் ஊழியர் அல்லர். அவர் கம்பனிக்காகப் பொலிசி விற்றுக் கொடுப்பவர். விற்றால் தரகுப் பணம், நாம் பேச்சில் சொல்கிற கொமிஷன். விற்காவிட்டால் எதுவுமில்லை. மோட்டார் சைக்கிள், பெற்றோல், தொலைபேசி, வாடிக்கையாளர் வீட்டுக் கலியாணத்துக்குக் கொண்டுபோகும் அன்பளிப்பு எல்லாம் அவர் சொந்தச் செலவு. ஊழியர் சேமலாப நிதி கிடையாது. லீவுச் சம்பளம் கிடையாது. காய்ச்சலில் பத்து நாள் படுத்தால் பத்து நாளும் வெறும் கைதான்.

இதுவாவது ஓரளவு விளங்கும். விளங்காதது அந்தத் தரகுப் பணம் வருகின்ற முறை. ஆயுள் காப்புறுதியில் பொலிசியின் முதல் வருடத்தில்தான் தரகு அதிகம். இரண்டாம் வருடத்தில் அது வெகுவாகக் குறையும், பிறகு இன்னும் குறைந்து சில வருடங்களில் சொற்பமாகிவிடும். விகிதம் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். கணக்கு விளங்குவதற்காக நானாக ஒரு விகிதத்தை எடுத்துக்கொள்கிறேன்: முதல் வருடம் 30 வீதம், இரண்டாம் வருடம் 10 வீதம், அதன்பின் 5 வீதம்.

ஒரு முகவர் மாதம் 5,000 ரூபா கட்டும் பொலிசிகளை மாதத்துக்கு ஐந்து வீதம் விற்கிறார் என்று வைப்போம். பன்னிரண்டாம் மாதத்தில் அவரிடம் 60 பொலிசிகள் இருக்கும். எல்லாமே முதல் வருடத்தில் இருப்பவை. ஒவ்வொன்றிலும் 1,500 ரூபாவாக அந்த மாதம் அவர் கைக்கு 90,000 ரூபா வரும். அவர் வாழ்க்கையிலேயே மிகப் பிரகாசமான மாதம் அது. இனி, சொந்தக்காரர், கூட்டாளி, பள்ளித் தோழர் எல்லோரும் முடிந்துபோய், புதிய பொலிசி ஒன்றும் விற்க முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு வருடம் கழிந்தால் அதே 60 பொலிசிக்கும் 500 ரூபாவாக 30,000 வரும். மூன்றாம் வருட முடிவில் 15,000. அதுவும் அறுபது பேரும் ஒழுங்காகக் கட்டினால் மட்டுமே. பாதிப் பேர் கட்டாமல் விட்டால் அதிலும் பாதி.

நான் பார்த்தது அந்தப் பன்னிரண்டாம் மாதத்துத் தாள்.

அவன் ஏமாற்றவில்லை. அவனுக்கே அது தெரிந்திருக்கவில்லை. வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும் என்றுதான் கம்பனிக் கூட்டங்களில் கேட்டிருந்தான். அந்த நம்பிக்கையில் கடன் பட்டு வீட்டின் மேல்தட்டைக் கட்டத் தொடங்கினான். எங்கள் கிழக்கில் பெண் வீட்டார்தான் வீடு கொடுப்பது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். (அந்த வழக்கத்தைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.) அவன் வெட்கப்பட்டுத் தன் பங்குக்கு ஒரு தட்டாவது போட நினைத்தான். நல்ல எண்ணம்தான்.

2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்தது. அதன்பின் எங்கள் பிள்ளைகள் அறியாத ஊர்களில் படலையைத் தட்ட முடியாமல் போனது. 2020இல் கொரோனாவும் ஊரடங்கும். வீடு வீடாகப் போய் விற்கும் தொழிலுக்கு ஊரடங்கு என்றால் என்ன என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 2022இல் நாட்டின் பொருளாதாரமே விழுந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவுக்கு விற்ற பெற்றோல் ஜூன் மாத முடிவில் 470 ரூபா. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அரிசிக்கும் பால்மாவுக்கும் காசு தேடுகின்ற வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது எது? காப்புறுதித் தவணைதான். ஒவ்வொரு வீட்டிலும் அது நின்றபோது, அவன் வருமானத்தில் ஒவ்வொரு துண்டாகக் கழன்று விழுந்தது.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவனிடம் முதலில் பொலிசி எடுத்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் ஆசிரியர் அறைக்கு அவன் வந்த அன்று ஏழு பேர் கையெழுத்திட்டோம். “பாவம், படிப்பிச்ச புள்ள, ஒரு உதவியா இருக்கட்டும்” என்பதுதான் எங்கள் எண்ணம். எங்கள் குடும்பத்துக்கு அது வேண்டுமா, மாதா மாதம் கட்ட முடியுமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பதினான்கு மாதம் கட்டிய நான், வீட்டுக் கூரை வேலை ஒன்று வந்ததும் நிறுத்திவிட்டேன். மற்ற ஆறு பேரில் நால்வரும் அப்படியே. அவனுக்கு நாங்கள் உதவியதாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். பொலிசிகள் இடையில் நின்றுபோனால் முகவருக்கு வரவேண்டிய புதுப்பித்தல் தரகும் போகும், நிலைத்த பொலிசிகளுக்கென்று கிடைக்கும் மேலதிகக் கொடுப்பனவும் போகும், முதல் வருடத்திலேயே நின்றால் கொடுத்த தரகைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் கம்பனிகளும் உண்டு. இதெல்லாம் பின்னர்தான் தெரிந்தது. அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது என்னை மாமா என்று அழைக்கிறவன், எப்படிக் கேட்பான்?

மருமகளின் ஆறு வளையல்களும் அந்த வருடங்களில் ஒவ்வொன்றாகப் போயின. உம்மாவுக்குச் சொல்லாமல், எனக்கும் சொல்லாமல், வங்கியில் ஈடு வைத்தாள். வட்டிக்கு. மிம்பரில் வட்டியின் பாவத்தைப் பேசுகிறவன் நான். என் சொந்த மருமகள் அந்த வாசலில் முகத்திரையை இழுத்துவிட்டு வரிசையில் நின்றிருக்கிறாள். 2022 நோன்புப் பெருநாளன்று அவள் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்து என் மனைவிதான் கண்டுபிடித்தாள். நான்கு வளையல்களை மீட்டோம். இரண்டு மீளவில்லை.

அதற்குப் பிறகுதான் அவனுடன் உட்கார்ந்து இந்தத் தொழிலைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். மாணவனிடம் ஆசிரியன் படித்த கதைதான். அவன் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

எமது நாட்டில் 1962 முதல் ஆயுள் காப்புறுதி அரச கூட்டுத்தாபனத்தின் கையில் மட்டும் இருந்தது. 1980களின் பிற்பகுதியில்தான் தனியார் கம்பனிகளுக்கு மறுபடி இடம் கிடைத்தது. போட்டி வந்ததும் ஊருக்கு ஊர் முகவர்கள் பெருகினார்கள். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் இத்தொழிலை ஒழுங்குபடுத்தியது. 2011இல் அதற்கு வந்த திருத்தத்தின்படி, ஆயுள் காப்புறுதியும் வாகனம், தீ போன்ற பொதுக் காப்புறுதியும் தனித்தனிக் கம்பனிகளாக வேண்டியதாயிற்று. 2015 அளவில் பெரும்பாலானவை இரண்டாகப் பிரிந்துவிட்டன. ஆகவே ஒருவர் கம்பனியின் பெயரைச் சொன்னால், ஆயுளா பொதுவா என்று முதலில் கேட்க வேண்டும். சம்பள வித்தியாசம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. வாகனக் காப்புறுதி இல்லாமல் வாகன வரிப்பத்திரம் எடுக்க முடியாது. வழியில் பொலிஸும் கேட்கும். எனவே வாகனக்காரர் தாமாகவே கம்பனியைத் தேடி வருவார், ஒவ்வொரு வருடமும் வருவார். அதில் தரகு சிறியது, ஆனால் வருடாவருடம் வரும். “நான் மௌத்தானால் என் பிள்ளைகளுக்கு என்ன?” என்று கேட்டுக்கொண்டு கம்பனி வாசலுக்குத் தானாகப் போகிறவர் எத்தனை பேர்? அதைப் பேச முகவர்தான் பத்துத் தடவை படியேற வேண்டும். ஆயுள் காப்புறுதியின் முதல் வருடத் தரகு பெரிதாக இருப்பது அந்தப் பத்துத் தடவைக்காகத்தான்.

முகவருக்கு மேலே குழுத் தலைவர். அவருக்குத் தன் கீழுள்ள முகவர்கள் விற்பதிலும் ஒரு பங்கு உண்டு. “நீங்களும் சேருங்களேன், வீட்டிலிருந்தே உழைக்கலாம்” என்று உங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தாவை ஒருவர் விடாமல் அழைத்தால், அந்த அழைப்பில் அவருடைய வருமானமும் கலந்திருக்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். அழைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. கணவனை இழந்த ஒரு சகோதரி இந்த வேலையால் மூன்று பிள்ளைகளை வளர்த்ததை எங்கள் ஊரிலேயே கண்டிருக்கிறேன். பெண்களின் வீடுகளுக்குள் ஆண் முகவரை விட அவரால் இலகுவாகப் போக முடிந்தது. ஆனால் அவர் மாதம் எவ்வளவு வந்தாலும் அதில் ஒரு பகுதியைத் தொடாமல் வைப்பார். நல்ல மாதத்துக் காசு அடுத்த வரட்சிக்கானது என்று வயல்காரரின் மகளான அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவைப்படவில்லை.

கிளை முகாமையாளருக்கு மாதச் சம்பளம் உண்டு, வாகனக் கொடுப்பனவு உண்டு, கிளையின் இலக்கை எட்டினால் அதற்கு மேலும் உண்டு. எட்டாவிட்டால் இடமாற்றமோ அதைவிடப் பெரியதோ வரலாம். எங்கள் நகரத்தில் நான் அறிய ஒரு கதிரையில் வருடத்துக்கொருவராக மாறி மாறி இருந்திருக்கிறார்கள்.

அதே கிளையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பணம் வாங்கி ரசீது தரும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அவளை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. அவள் சம்பளம் 55,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சேமலாப நிதிக்கு 8 வீதம், 4,400 ரூபா கழிந்து, கைக்கு 50,600 வரும். குறைவாகத்தான் தெரியும். ஆனால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அவளுக்காகக் கம்பனி தன் பணத்தில் 12 வீதம், அதாவது 6,600 ரூபா அந்த நிதியில் போடுகிறது. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 வீதம், 1,650. ஆக, கண்ணுக்குத் தெரியாமல் மாதம் 8,250 ரூபா அவள் பெயரில் சேர்கிறது. ஐந்து வருடம் நிறைந்தபின் வேலையை விட்டால், சேவைசெய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. பிள்ளைப்பேற்றுக்குச் சம்பளத்துடன் லீவு. 2018இல் என் மாணவனின் 90 ஆயிரத்தையும் இப்படியொரு பிள்ளையின் சிறிய சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது எனக்குக் காட்டியிருந்தால், நான் அப்போதும் 90 ஆயிரத்தைத்தான் தெரிந்திருப்பேன். இன்று அப்படிச் செய்ய மாட்டேன். குறைந்தபட்சம் ஓர் இரவு யோசிப்பேன்.

கொழும்புத் தலைமைக் காரியாலயத்தில் வேறு உலகம். ஒரு விண்ணப்பத்தை ஏற்பதா, எந்தக் கட்டணத்தில் ஏற்பது என்று தீர்மானிக்கின்றவர்கள், நட்டஈட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிப்பவர்கள் எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். இவர்களுக்குப் பரீட்சைதான் படி. இலங்கைக் காப்புறுதி நிறுவகத்தின் பரீட்சைகளும் லண்டன் பட்டயக் காப்புறுதி நிறுவகத்தின் பரீட்சைகளும் இருக்கின்றன. ஒவ்வொரு படி ஏறும்போதும் சம்பளமும் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலே அக்சுவரி என்றொருவர். எத்தனை வயதில் எத்தனை பேர் மரணிப்பார்கள், இன்று வாங்கும் தவணை முப்பது வருடம் கழித்துக் கொடுக்க வேண்டியதற்குப் போதுமா என்று கணிதத்தால் கணக்கிடுபவர். அஜல் அல்லாஹ்விடம், இவர் பார்ப்பது ஆயிரக்கணக்கானோரின் மொத்தக் கணக்கை. ஆயுள் காப்புறுதிக் கம்பனி அக்சுவரி இல்லாமல் நடக்க முடியாது. அந்தப் படிப்பு பட்டத்துக்குப் பிறகும் பல வருடப் பரீட்சை. இலங்கையில் தேறியவர்கள் மிகச் சிலர். தேவை அதிகம், ஆள் குறைவு. அதனால் இத்துறையில் மிக உயர்ந்த சம்பளம் பெறுபவர்களில் இவர்களும் அடங்குவர். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்த மகளை “பொம்புளப் புள்ளைக்கு ஏன் கணக்கு” என்று வீட்டில் வைத்திருக்கும் உம்மாமார் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு படலையையும் தட்டாமல், மேசையில் இருந்தபடி செய்யக்கூடிய வேலை அது.

காப்புறுதியில் வேலை செய்வது ஆகுமானதா என்று கேட்பீர்கள். வழமையான காப்புறுதி பற்றிய பேச்சு புதியதல்ல. 1836இல் மறைந்த திமஷ்க் அறிஞர் இப்னு ஆபிதீன், கப்பல் வியாபாரிகள் செய்த காப்புறுதியைப் பற்றி அன்றே எழுதிவிட்டார். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹு அகாடமி வணிகக் காப்புறுதியைத் தவிர்த்து, கூட்டுறவு அடிப்படையிலானதையே மாற்றாகக் காட்டியது. தகாபுல் கம்பனி 1979இலேயே சூடானில் தொடங்கிவிட்டது. தகாபுலிலும் முகவர் உண்டு, தரகு உண்டு, நான் மேலே சொன்ன ஏற்ற இறக்கமும் உண்டு. பெயர் மாறியதால் முகவரின் பன்னிரண்டாம் மாதம் மாறிவிடாது. மற்ற விபரங்களை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் வெட்கம் தரும் விடயம் வேறொன்று. அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதியவன் நான். ஷாபிஈ பிக்ஹுக் கிதாபுகளில் ‘இஜாரா’ என்று ஒரு பாடம், ‘ஜுஆலா’ என்று இன்னொரு பாடம். வேலையும் கூலியும் தெரிந்த நிலையில் ஒருவரை அமர்த்துவது இஜாரா. காணாமற்போன ஒட்டகத்தைக் கொண்டு வருபவனுக்கு இவ்வளவு தருவேன் என்பது ஜுஆலா. நாள் முழுக்க வெயிலில் தேடியும் ஒட்டகம் கிடைக்காவிட்டால் அவனுக்கு ஒரு காசும் இல்லை. இதை எத்தனை மாணவர்களுக்கு உதாரணத்துடன் விளக்கியிருப்பேன்! என் மருமகளின் மாப்பிள்ளை ஒட்டகம் தேடுகிறவன் என்பது மட்டும் என் கண்ணுக்குப் படவில்லை.

இன்று அவன் வேறொரு கம்பனியின் கிளையில் மாதச் சம்பளத்துக்கு முகவர்களைப் பயிற்றுவிக்கிறான். கைக்கு வருவது 2018இல் எனக்குக் காட்டிய தொகையை விட அதிகமில்லை. விலைவாசியைப் பார்த்தால் அதன் பெறுமதி பாதிக்கும் குறைவு. ஆனாலும் மருமகள் மாதம் பிறக்கும் முன்பே மாவுக்கும் மின்சாரத்துக்கும் பிரித்து வைக்கிறாள். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் பன்னிரண்டாம் மாதத்தைப் பற்றித் தவறாமல் சொல்கிறேன் என்றான். சொல்வதால் சிலர் சேராமல் போய்விடுகிறார்களாம். அதற்காக அவனை மெனேஜர் ஏசுவதும் உண்டாம்.

சரி, தங்கை தந்த உறைக்கு வருவோம்.

திறந்து பார்த்தேன். மாப்பிள்ளை முகவர் அல்லர், வாகன விபத்து மதிப்பீட்டாளர். எங்காவது வாகனம் மோதினால் மோட்டார் சைக்கிளில் வந்து படம் எடுத்துச் சேதத்தை எழுதிக்கொண்டு போவார்களே, அந்த வேலை. தொகை என்னைத் திடுக்கிட வைத்தது: 1 இலட்சத்து 64 ஆயிரம். தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே எழுதியிருந்ததைப் படித்தேன். 2025 டிசம்பர்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் வெள்ளமும் நாட்டை என்ன செய்தன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எத்தனை வாகனங்கள் தண்ணீரில் மூழ்கின! அந்தப் பிள்ளை ஒப்பந்தத்தில் இருப்பவர். ஒரு வாகனத்தைப் பார்த்தால் இவ்வளவு என்று கூலி. டிசம்பரில் இரவு பகலாக ஓடியிருப்பார். நேர்மையாக உழைத்த காசுதான். ஆனால் அது வெள்ளத்து மாதம்.

“தங்கச்சி, பன்னிரண்டு மாசத்துக் கணக்கும் வேணும்” என்றேன். அவள் தயங்கினாள். “அப்படிக் கேட்டா அவங்க வீட்டுல கோவிப்பாங்க காக்கா.” கேட்டோம். கோபித்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா தரகரிடம், “நாங்க என்ன வங்கியில கடனா கேக்கிறம்?” என்று கேட்டாராம். இரண்டு வாரம் ஒரு செய்தியும் இல்லை. தங்கை என்னுடன் சரியாகப் பேசவில்லை. நல்ல இடத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். சின்னவளிடம் கேட்டேன். “தராட்டி விடுங்க மாமா” என்றாள், தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அந்தப் பிள்ளை தனியாக வந்தார். ஹெல்மெட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு, பையிலிருந்து வங்கிக் கணக்குத் தாள்களை எடுத்தார். பன்னிரண்டல்ல, பதினெட்டு மாதம். “உம்மாவுக்கு இது தெரியாது மௌலவி” என்றார். ஆகக் குறைந்த மாதத்தில் 38 ஆயிரம் இருந்தது. அதற்குப் பேனையால் தானே கோடு போட்டிருந்தார். அந்த மாதம் மோட்டார் சைக்கிள் பழுதாகி ஒன்பது நாள் ஓட முடியவில்லையாம்.

தங்கை உள்ளே கதவுத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். தாள்களை அவளிடம் கொடுத்தனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து அவள் குரல் கேட்டது, சின்னவளைக் கூப்பிட்டு, “அந்தக் கல்குலேட்டரக் கொண்டா புள்ள, கொறஞ்ச மாசத்தில இரிந்து பார்ப்பம். தேத்தண்ணிக்கும் தண்ணி வை” என்று.